நாலு படி இறங்கியவள்

அந்தத் தையல் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரீலக்கா என்றால்தான் தெரியும். புதிதாகச் சேருகிறவர்கள் நூல் ரீலோடு ஏதோ சம்பந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டால் விஷயம் விளங்கிவிடும். அவள் அயர்ன் டேபிளில் வேலை பார்ப்பவள். ரீல் விடுவது வாயால்.

விடுவாள் என்றால் சும்மா இல்லை. பாயிலர் ரூமுக்குள் தன் தொடை தடிமனுக்கு ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது என்பாள். "கொஞ்சம் நகர்ந்துக்கோ, ஸ்டீம் திறக்கணும்னு சொன்னேன். மரியாதையா நகர்ந்து போச்சு" என்பாள். ஒரு சினிமா நடிகன் ஆள் அனுப்பி, தன் சட்டைக் காலரை அவள் கையால்தான் தேய்த்துத் தர வேண்டும் என்று அடம்பிடித்தான் என்பாள். பிரசவத்தில் தனக்கு வலியே இல்லை, ஒரு தும்மல் தும்மினேன், மகள் வந்துவிட்டாள் என்பாள். சாப்பாட்டு மணி அடித்தால் அவளைச் சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கியவர்கள் அந்த அரை மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாய் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும் என்கிற வகை. யாராவது கேட்டால், "அவ எனக்கும் சேர்த்துப் பேசிடுறா" என்பார்.

சுற்றி உட்காருகிறவர்களில் ஒருத்தி செக்கிங் பொண்ணு. இருபத்துநாலு வயது. தைத்து வந்த சட்டையில் தொங்கும் நூலை வெட்டி, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்குவாள். எல்லோரும் எழுந்து போகும்போது அருகில் வந்து, "அப்புறம் அந்தப் பாம்பு எங்கக்கா போச்சு?" என்று மெதுவாகக் கேட்பாள். அதனாலேயே ரீலக்காவுக்கு அவள்மேல் தனிப் பாசம். கேட்கிற ஆள் இருந்தால்தானே கதைக்கு உயிர்.

இரண்டாவது மாடியில் ஸ்டோர். பட்டன், ஜிப், லேபிள், நூல் எல்லாம் அங்கேதான். அதன் சாவி ஸ்டோர்காரன் இடுப்பில். அவன் மேனேஜரின் கூடப்பிறந்த தம்பி. ஸ்டோருக்குப் போவதென்றால் பெண்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள். போர்டு எழுதி மாட்டவில்லை, யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அன்றைக்கு ஒரு பெரிய ஆர்டர் வண்டி ஏற வேண்டிய நாள். லேபிள் குறைகிறது என்று மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது செக்கிங் பொண்ணை மேலே அனுப்பினார்கள். கூட அனுப்ப ஆள் இல்லை.

ரீலக்கா மேலே போனது வேறு வேலையாக. டேபிளில் விரித்திருந்த துணி கருகிப் போயிருந்தது. மாற்றுத் துணி வாங்கி வைத்துவிட்டால் சாப்பிட்டு வந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று மணி அடித்ததும் படியேறினாள். கீழே நூற்றுச் சொச்சம் மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. அப்படி நின்றால் காது அடைத்த மாதிரி ஒரு அமைதி வரும். அந்த அமைதியில்தான் அவளுக்கு அது கேட்டது.

ஸ்டோர் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ சரிந்து, ஆயிரக்கணக்கான பட்டன்கள் தரையில் கொட்டி உருண்டன. "வேணாம்ணா, விட்டுடுங்கண்ணா" என்று ஒரு குரல். அடுத்த நொடி அந்தக் குரலை எதையோ வைத்து அடைப்பது கேட்டது.

யார் குரல் என்று தெரிந்தது. என்ன நடக்கிறது என்று தெரிந்தது. ரீலக்கா அசையவில்லை. அவள் தலைக்குள் வேறொரு குரல் ஓடியது: மேனேஜர் தம்பி. உனக்கு ஒரு மகள் இருக்கா. நீ பார்க்கலை. நீ மேலேயே வரலை.

அவள் திரும்பினாள். ஒரு படி இறங்கினாள். இரண்டு. மூன்று. நாலு.

நாலாவது படியில் அவள் கால் இருந்தபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இரும்பு ரேக்கில் தலை மோதும் சத்தம். மறுபடியும் மோதியது. மறுபடியும்.

எப்படி மேலே ஏறினாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை. சுவரில் சிவப்பாக மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டர் அவள் கையில் இருந்தது. அதன் அடிப்பாகத்தால் கதவின் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் இடித்தாள். கதவு அசையவில்லை. ஐந்தாவது இடியில் மரம் பிளந்தது. ஆறாவதில் தாழ்ப்பாள் தெறித்தது.

பொண்ணு குப்புறக் கிடந்தாள். வாய்க்குள் லேபிள் டேப்பைச் சுருட்டித் திணித்திருந்தான். நெற்றி கிழிந்து ஒரு கண் முழுக்க ரத்தம். அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தபடி அவன் மேலே இருந்தான். கதவு திறந்த சத்தத்துக்கு அவன் திரும்பியபோது முகத்தில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"போடி வெளியே" என்றான்.

ரீலக்கா சிலிண்டரை அவன் தலைக்குக் குறிவைத்து வீசினாள். தோளில்தான் பட்டது. அவன் உருண்டு எழுந்து, அட்டைப்பெட்டி கிழிக்கும் பிளேடு கத்தியை எடுத்தான். முதல் வீச்சு அவள் இடது முழங்கைக்குக் கீழே இறங்கியது. சுடவில்லை, வலிக்கவில்லை. சட்டைக்கை திறந்துகொண்டது, உள்ளே தோலும் திறந்துகொண்டது. இரண்டாவது வீச்சுக்கு அவன் கையை ஓங்கும்போது பட்டன்மேல் கால் வைத்து வழுக்கினான். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. கீழே கிடந்த சிலிண்டரை இரண்டு கையாலும் தூக்கி அவன் காதோரத்தில் இறக்கினாள். விழுந்தான். எழ முயன்றான். கத்தி பிடித்த கையின் மேல் இன்னொரு முறை இறக்கினாள். எலும்பு உடையும் சத்தம் அவளுக்குக் கேட்டது. நிறுத்த முடியவில்லை. முழங்காலில் ஒன்று. முதுகில் ஒன்று. இதற்குள் பாத்ரூம் போன இரண்டு பேர் சத்தம் கேட்டு ஓடிவந்து அவளை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தார்கள்.

"செத்துடுவான்க்கா, விடுக்கா!"

"சாகட்டும்!" என்றாள். பிறகு சிலிண்டரைப் போட்டுவிட்டு, புதுத் துணிக் கட்டிலிருந்து ஒரு துணியை உருவிப் பொண்ணைச் சுற்றினாள். அவள் வாயிலிருந்து டேப்பை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம், இரண்டு முழம். அத்தனை நீளத்தையும் உள்ளே திணித்திருந்தான்.

போலீஸ் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டது. கையில் பதினேழு தையல் போட்டுப் படுத்திருந்தவளிடம் ஒரு எஸ்.ஐ. உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். அங்கேதான் வினை வந்தது. ஒருவர் எதிரே உட்கார்ந்து 'என்ன நடந்தது, சொல்லு' என்று கேட்டால் ரீலக்காவின் நாக்கு சும்மா இருந்ததில்லை. அதுவும் சொல்ல முடியாத ஒரு விஷயத்தை மறைக்க வேண்டியிருந்த நேரத்தில்.

"சத்தம் கேட்டதும் ஒரே ஓட்டம் சார். ஒரு உதை விட்டேன், கதவு ரெண்டா பிளந்துச்சு. மூணே அடி. கால்ல விழுந்து அம்மா தாயே விட்டுடுன்னு கதறினான்."

எஸ்.ஐ. நல்ல மனுஷன். தலையை ஆட்டியபடி ஒன்று விடாமல் எழுதினார். நாலு படி அந்தக் காகிதத்தில் ஏறவில்லை.

ரீலக்கா, பொண்ணு இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. ஸ்டோர்காரனுக்கு உடைந்த மணிக்கட்டோடு ஜாமீன் கிடைத்தது. அவன் அண்ணன் மேனேஜர் முதலில் ஆள் விட்டுப் பேசிப் பார்த்தான். ரீலக்காவின் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "போங்க." மறுநாள் வேனின் நாலு டயரும் கிழிந்து கிடந்தன. அதற்கு மறுநாள், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வேனை மறித்து அவரை இழுத்துப் போட்டு மிதித்தார்கள். இரண்டு விலா எலும்பு. முன்பல் ஒன்று.

"சாட்சி சொல்லலைன்னு எழுதிக் கொடுத்துடட்டுமாங்க?" என்று ரீலக்கா அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

அவர் வீங்கிய உதட்டைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "பல்லு போனது போனதுதான். இப்ப எழுதிக் கொடுத்தா சும்மா போன மாதிரி ஆயிடும்" என்றார்.

கோர்ட்டில் அவளைக் கூப்பிட்டிருந்த தேதிக்கு ஒன்பது நாள் முன்பு, மத்தியானம் மூன்று மணி. கடைத்தெருவில் மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். வெயில். பாதிக் கடைகள் திறந்திருந்தன. மேனேஜரும் இரண்டு பேரும் அவளை முடியைப் பிடித்து ஆள் இல்லாத ஒரு கடையின் வாசலுக்கு இழுத்தார்கள். அந்தக் கடையின் ஷட்டர் முழங்கால் உயரம் தூக்கியிருந்தது. மருந்துப் பை தெருவில் சிதறியது. ஒருவன் அவள் வாயில் குத்தினான். இன்னொருவன் அவள் வலது கையைப் பிடித்து ஷட்டருக்கு அடியில் தரையோடு அழுத்தினான்.

"இந்தக் கையாலதானே என் தம்பியை அடிச்சே?" என்றான் மேனேஜர். ஷட்டரைத் தலைக்கு மேலே வரை தூக்கி, இரண்டு கையாலும் இழுத்து இறக்கினான்.

ஒரு தடவை இல்லை. மூன்று தடவை.

அவள் கத்திய கத்தலுக்குத் தெருவே திரும்பியிருக்க வேண்டும். செருப்புக் கடைக்காரர் உள்ளே போனார். பழக்கடைக்காரர் குனிந்து எதையோ தேடினார். எதிரே சாவி செய்கிறவர் தன் மெஷினை ஓடவிட்டார். அவர்கள் பைக் ஏறிப் போன பிறகுதான் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல், மூன்றும் நொறுங்கிவிட்டன என்றார் டாக்டர். போலீஸ் தெருவில் விசாரித்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை.

ரீலக்கா அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. நாலு படி இறங்கியவளுக்கு அவர்களைத் திட்ட வாய் வரவில்லை.

கைக்கட்டோடுதான் சாட்சிக் கூண்டில் ஏறினாள். பொண்ணு முந்தைய நாளே இரண்டு மணி நேரம் நின்று, அழாமல், சுருக்கமாக எல்லாம் சொல்லி முடித்திருந்தாள். ரீலக்காவை அரசு வக்கீலம்மா கேட்டது பத்து நிமிடம். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், சிரித்த முகம், தேன் குழைத்த குரல்.

"உங்களைக் கம்பெனியில என்னன்னு கூப்பிடுவாங்க?"

"ரீலக்கா."

"ஏன்?"

"நான் ரீல் விடுவேன்னு."

கோர்ட்டில் சிரிப்பு கிளம்பியது. வக்கீல் அவசரப்படவில்லை. பாம்பு கதையைக் கேட்டார். நடிகன் கதையைக் கேட்டார். தும்மல் கதையைக் கேட்டபோது டைப் அடிக்கிறவரே தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"இதெல்லாம் நடந்ததா?"

"இல்லைங்க."

"அப்படின்னா நீங்க பொய் சொல்றவங்க."

"ஆமாங்க. சாப்பாட்டு நேரத்துல."

"போலீஸ்கிட்ட சொன்னது சாப்பாட்டு நேரத்துலயா?" என்று அவர் வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார். ஒரே உதை. மூணே அடி. கால்ல விழுந்து கதறல். "இதுல எது உண்மை?"

ரீலக்கா கூண்டின் கட்டையை இடது கையால் பிடித்தாள். நேற்றுப் பொண்ணு நின்ற அதே இடம். அந்தப் பொண்ணு ஒரு வார்த்தையைக்கூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"எதுவும் இல்லைங்க. நான் உதைக்கலை, சிலிண்டரால உடைச்சேன். ஆறு தடவை இடிச்சேன். அவன் கதறலை, என்னைக் கத்தியால கிழிச்சான். அப்புறம்... சத்தம் கேட்டதும் நான் ஓடலை. நின்னேன். அந்தப் பொண்ணு விட்டுடுங்கண்ணான்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. வேலை போயிடும்னு பயந்து திரும்பிப் போனேன். நாலு படி இறங்கிட்டேன். அவ தலையை இரும்புல மோதின சத்தம் கேட்டப்புறம்தான் வந்தேன்."

பின்வரிசையில் பொண்ணு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். ரீலக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"கேட்டீங்களா, கனம் நீதிபதி அவர்களே" என்றார் வக்கீல், பரிதாபப்படுகிறவர் மாதிரி. "இன்னொரு புதுக் கதை."

வெளியே வராந்தாவில் பொண்ணு அவளருகே வரவில்லை. தூரத்தில் தன் அம்மாவோடு நின்றாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் வீட்டுக்கு வந்து, கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "நாலு படின்னா எவ்வளவு நேரம்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலைடா. அதைத்தான் நானும் தினம் கேட்டுக்கறேன்."

பொண்ணு எழுந்து போய் அடுப்பில் கொதித்த தண்ணீரை இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகு அடிக்கடி வந்தாள்.

கீழ்க்கோர்ட் நீதிபதியம்மா பத்து வருடம் சிறை என்று தீர்ப்பு எழுதினார். ரீலக்காவைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. 'இந்தச் சாட்சியை நான் நேரில் பார்த்தேன். கதை கட்டுகிறவர், தனக்கு இவ்வளவு கேவலமான ஒன்றைக் கட்டிச் சொல்ல மாட்டார். அவரை நான் நம்புகிறேன்.' வக்கீலம்மா அதை வாசித்துக் காட்டியபோது ரீலக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். இன்னொரு தடவையும். நாற்பத்தோரு வருடத்தில் அவளை நம்புகிறேன் என்று யாரும் எழுத்தில் கொடுத்ததில்லை. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மகளின் சர்டிபிகேட்டுகளோடு வைத்துக்கொண்டாள்.

எட்டு மாதத்தில் மேல்முறையீடு, அதோடு மறுபடி ஜாமீன். ஸ்டோர்காரன் தெருவில் நடந்தான். வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் ரீலக்காவின் மூன்று விரலும் வளைந்தபடியே இறுகிப்போயின. அயர்ன் பாக்ஸைப் பிடிக்க முடியாது. ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கிற வேலை கிடைத்தது. அங்கே அவள் கதை எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அந்த வக்கீலின் தேன் குரல்தான் காதில் கேட்டது: இதெல்லாம் நடந்ததா?

மேல்கோர்ட்டுக்குப் போகும் நாளில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனப்பாடமாக வைத்திருந்தாள். வக்கீலம்மா சிரித்துவிட்டார்.

"அக்கா, இங்க உங்களை யாரும் கேட்க மாட்டாங்க."

"நான் பேச வேண்டாமா?"

"நீங்க அங்க பேசினது எல்லாம் டைப் ஆகி இங்க வந்திருக்கு. அதைத்தான் படிப்பாங்க. காகிதத்துல முகம் தெரியாது இல்லையா, அதனால உங்களை நேர்ல பார்த்த நீதிபதி என்ன நினைச்சாங்களோ, அதுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனா அது தப்புன்னு தோணினா மாத்தவும் செய்வாங்க."

"அப்போ என்னைப் பத்திப் பேசுவாங்க, நான் உட்கார்ந்து கேட்டுக்கணும்."

"ஆமாக்கா."

"மாமியார் வீட்டுல பழக்கம்தான்" என்றாள் ரீலக்கா. பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு நீதிபதிகள். மூத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். இளையவர் கேள்வி கேட்டார். தேன் குரல்காரர் ஒன்றரை மணி நேரம் ரீலக்காவைத் துணி மாதிரி உதறி, திருப்பி, மறுபடி உதறினார். தானே பொய்க்காரி என்று ஒப்புக்கொண்டவர். போலீஸில் ஒன்று, கோர்ட்டில் ஒன்று. கீழ்க்கோர்ட் நீதிபதி கண்ணீரில் மயங்கிவிட்டார். இந்தச் சாட்சி விழுந்தால் வழக்கே விழுகிறது.

"அவர் ஏன் பொய் சொல்லணும்?" என்று இளையவர் கேட்டார். "ஏதாவது பகை?"

"பழக்கம், ஐயா. சிலருக்கு அது மூச்சு விடற மாதிரி."

ரீலக்கா பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பொண்ணு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். முன்வரிசையில் ஸ்டோர்காரனின் பிடரி தெரிந்தது. முடி வெட்டி, மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். நன்றாகத் தேய்த்த காலர். அந்தக் காலருக்கு மேலே, காதுக்குப் பின்னால், சிலிண்டர் இறங்கிய இடத்தில் முடி முளைக்காத ஒரு தழும்பு. இன்னும் இரண்டு அங்குலம் முன்னால் இறக்கியிருந்தால் இந்தக் காகிதமே தேவைப்பட்டிருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அவள் வருத்தப்படவில்லை.

தீர்ப்பு ஆறு வாரம் கழித்து. மூத்தவர் வாசித்தார். பாதி புரியவில்லை. வக்கீலம்மா காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"உங்களைப் பத்தி வருதுக்கா."

'இந்தச் சாட்சியின் இரு வாக்குமூலங்களும் முக்கியமான இடங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கீழ் நீதிமன்றம் அவரை நேரில் பார்த்து நம்பியது என்பதை மதிக்கிறோம். ஆனாலும் அவருடைய சாட்சியத்தைச் சார்ந்து ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது பாதுகாப்பானதல்ல. அதை நாங்கள் முழுவதுமாக ஒதுக்கிவைக்கிறோம்.'

ரீலக்காவுக்குக் காது இரைந்தது. கன்னத்தில் அறைந்தால் இப்படித்தான் இரையும். வீட்டுக்காரரின் பல், தன் மூன்று விரல், கூண்டில் நின்று வாயால் எடுத்துப் போட்ட அந்த நாலு படி, எல்லாவற்றையும் ஒரு கிழவர் கண்ணாடியைச் சரிசெய்தபடி ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார். முன்வரிசையில் மேனேஜர் தம்பியின் தோளைத் தட்டினான்.

'ஆனால்' என்று மூத்தவர் பக்கத்தைத் திருப்பினார். 'இந்த வழக்கு அந்தச் சாட்சியின்மேல் நிற்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்கு தொடக்கம் முதல் கடைசி வரை மாறாதது. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் உடம்பிலிருந்த காயங்கள் சொல்கின்றன. ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, அது நம்பத்தக்கதாக இருந்தால், அதைத் தூக்கிப்பிடிக்க இன்னொருவர் தேவையில்லை. தண்டனை உறுதி செய்யப்படுகிறது. குற்றவாளி இன்றே காவலில் எடுக்கப்பட வேண்டும்.'

பொண்ணு ரீலக்கா பக்கம் திரும்பினாள். "என்னக்கா சொன்னாங்க?" என்றாள், எல்லாம் புரிந்தும்.

"நீ சொன்னது போதுமாம்" என்றாள் ரீலக்கா. "நீ மட்டுமே போதுமாம்."

அதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போலீஸ்காரர்கள் ஸ்டோர்காரனின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். அவன் திமிறினான், பெஞ்சை உதைத்தான், அண்ணா அண்ணா என்று கத்தினான். நாலு பேராகச் சேர்ந்து கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, கதவு நிலையில் அவன் நெற்றி இடிக்க இழுத்துப் போனார்கள்.

வராந்தாவில் மேனேஜர் காத்திருந்தான். கண் சிவந்திருந்தது. நேராக ரீலக்காவிடம் வந்தான். "கோர்ட்டே உன்னை நம்பலைடி, பொய்க்காரி" என்று சொல்லி, அவளுடைய அந்த வளைந்த கையைப் பிடித்து முறுக்கினான். இறுகிப்போன விரல்களைப் பின்னால் மடக்கினான். ஏதோ ஒன்று உள்ளே பிய்ந்தது. ரீலக்கா சத்தமே வராமல் முழங்காலில் விழுந்தாள்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பொண்ணு தன் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்து ரத்தம் சுவரில் தெறித்தது. அவன் கையை விட்டுவிட்டு முகத்தைப் பொத்தினான். அவள் நிறுத்தவில்லை. பொத்திய கையின் மேல் அடித்தாள், பாட்டில் நசுங்கி மூடி பறந்து போகிற வரை அடித்தாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் இரண்டு மாடிக்கும் கேட்டிருக்கும். இத்தனை வருடம் அந்தப் பெண் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மேனேஜர் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியபோது ரீலக்கா தரையிலிருந்தபடியே அவன் கெண்டைக்காலைக் கடித்தாள். செருப்புக் காலால் நெஞ்சில் உதை விழுந்தது. விடவில்லை. கருப்புக் கோட்டுகள் ஓடிவந்து பிரிக்கும்போது அவள் பல்லில் துணியும் ரத்தமும் இருந்தன.

"யாரு முதல்ல கை வச்சது?" என்று கான்ஸ்டபிள் அதட்டினார்.

ரீலக்கா வாயைத் துடைத்தாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மூன்று வக்கீல்கள் ஒரே நேரத்தில் மேனேஜரைக் காட்டினார்கள். டீ கொண்டுவந்தவர் காட்டினார். வேறு ஏதோ வழக்குக்கு வந்திருந்த ஒரு அம்மா, "நான் பார்த்தேன் சார், அந்தாளுதான் கையை முறுக்கினான். என் பேரை எழுதிக்கோங்க" என்று முன்னால் வந்து நின்றாள்.

அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள் ரீலக்கா. அந்த அம்மா யாரென்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. நாலு படி இறங்காமல், கேட்டதும் வந்தவள்.

வராந்தாவில் கையை முறுக்கியதற்காக மேனேஜர் மேல் போட்ட வழக்கு அடுத்த வருடமே முடிந்தது. மூன்று வருடம் கொடுத்தார்கள். கடைத்தெரு ஷட்டர் வழக்கு சாட்சி இல்லாமல் மூடப்பட்டது. பொண்ணு இன்னொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே இருக்கும் பெண்களை அவள் எங்கேயும் தனியாக அனுப்புவதில்லை. ரீலக்காவுக்கு விரலில் மறுபடியும் ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு விரல் திரும்பவில்லை. நடுவிரல் மட்டும் கொஞ்சம் மடங்கி நிமிர்கிறது. ஆஸ்பத்திரியில் நனைந்த விரிப்பைப் பிழியும்போது அதைத்தான் முதலில் ஊன்றுகிறாள். வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்து, உதறி, கொடியில் போடுகிறாள்.